அப்பா அம்மாவுக்கு மீன் தொட்டி வாங்கித் தராதீர்கள்

தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும் எங்கள் காலைக் கூட்டத்தில் போன வாரம் நண்பர் ஒருவர் சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன் தீபாவளிக்கு மூன்றடி மீன் தொட்டி அனுப்பி வைக்கிறானாம். கடைக்காரரே வீட்டுக்கு வந்து, தண்ணீர் நிரப்பி, மீன் விட்டு, லைட் போட்டுக் காட்டிவிட்டுப் போவாராம். "நீங்களும் அம்மாவும் தனியா இருக்கீங்க, பொழுது போகும்ப்பா" என்றானாம்.

கூட நடந்தவர்கள் எல்லாம், "கொடுத்து வச்சவர்ணே நீங்க" என்றார்கள். நான் மட்டும், "வேண்டாம்னு சொல்லிருங்கண்ணே" என்றேன். நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. ஒரு சுற்று முழுக்க யாரும் என்னோடு பேசவில்லை.

நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த மகனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஏனென்றால் அவன் செய்யப் போகும் தப்பை 2011-லேயே நான் செய்துவிட்டேன்.

அப்போது எனக்குச் சென்னையில் வேலை. அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 67. இருவரும் அனுப்பானடி வீட்டில் தனியாக இருந்தார்கள். பொங்கல் லீவுக்கு வந்தவன், ஒரு கடையில் இரண்டடித் தொட்டி வாங்கி ஹாலில் வைத்தேன். நீலக் கலர் கல், பிளாஸ்டிக் செடி, மூடியைத் திறந்து திறந்து காற்றுக் குமிழி விடும் ஒரு புதையல் பெட்டி, ஆறு தங்கமீன், கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் கொடுத்த ஒரு டேங்க் கிளீனர். எல்லாம் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. அம்மாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. மூன்றாம் நாள் நான் ரயில் ஏறிவிட்டேன்.

"வாரா வாரம் தண்ணியப் பூராவும் மாத்தி, கல்லை நல்லாக் கழுவிருங்கம்மா" என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அம்மா சொன்னதைச் செய்கிறவள். ஞாயிறு தவறாமல் செய்தாள்.

அதன் கணக்கை நான் பல வருடம் கழித்துத்தான் போட்டுப் பார்த்தேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். பத்து லிட்டர் வாளியில் ஐந்து நடை வெளியே, ஐந்து நடை உள்ளே. வாரத்துக்குப் பத்து வாளி. ஒன்றரை வருடத்துக்கு 780 வாளி. வாளிக்குப் பத்துக் கிலோ என்றால் 7,800 கிலோ. 67 வயது அம்மாவை ஏறத்தாழ எட்டு டன் தண்ணீர் தூக்க வைத்துவிட்டு, அதற்குப் 'பொழுதுபோக்கு' என்று பெயர் வைத்திருந்தேன்.

2012 ஆடி மாதத்தில் ஹாலில் சிந்திய தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. போனில் என்னிடம், "லேசா சுளுக்குய்யா" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கு உண்மை தெரிந்தது.

அதைவிடப் பெரிய அடி பின்னால் விழுந்தது. அம்மா 2016-ல் போய்விட்டாள். காரியங்கள் முடிந்து பீரோவை ஒழுங்குபடுத்தும்போது அப்பாவின் கணக்கு நோட்டுகளைப் பார்த்தேன். மில்லில் கணக்கு எழுதியவர் அவர். தீப்பெட்டி வாங்கினாலும் எழுதிவிடுவார். பால், மோர், மாத்திரை என்று போகும் வரிகளுக்கு நடுவே அடிக்கடி ஒரு வரி வந்தது: 'மீன் 2'. 'மீன் 3'. 'மீன் 1'. நான் ஊருக்கு வந்த ஒவ்வொரு விடுமுறைக்கும் முந்தின நாளில் கட்டாயம் ஒரு வரி இருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஒன்றரை வருடத்தில் 41 மீன்.

அப்பாவிடம் கேட்டேன். "நீ வாங்கிக் குடுத்தது செத்துப் போச்சுன்னா உன் மனசு கஷ்டப்படும்னு அவதான் அதே கலர்ல வாங்கியாரச் சொல்லுவா" என்றார். செத்த மீனை எடுத்துப் புதைக்கிற ஒவ்வொரு முறையும், "என் கைராசிதான் சரியில்ல போல" என்று அழுவாளாம்.

அம்மாவின் கைராசியில் ஒரு குறையும் இல்லை. மீனின் கழிவிலிருந்து தண்ணீரில் அம்மோனியா சேரும். அது மீனுக்கு விஷம். அதைத் தின்று, தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அவை வருவதற்கு முன்பே ஆறு மீனை விட்டது முதல் தப்பு. வாரா வாரம் கல்லைக் குழாயடியில் கழுவி, வந்த கொஞ்சநஞ்சத்தையும் அழிக்கச் சொன்னது இரண்டாவது தப்பு. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியது மூன்றாவது. தங்கமீன் என்பது கெண்டை இனம். ஓரடி வரை வளரக்கூடியது, கழிவு அதிகம் போடுவது. இரண்டடித் தொட்டியில் அதை ஆறு விட்டது நாலாவது. நாலும் என் தப்பு. பழியை மட்டும் அம்மா சுமந்தாள்.

இப்போது தெரிந்திருக்கும், நண்பரிடம் ஏன் அப்படிச் சொன்னேன் என்று.

இதற்கு நேர் எதிர்க் கட்சி ஒன்றும் உண்டு. "வயசான காலத்துல மீனும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். டிவி இருக்கு, பேசாம உட்காருங்க" என்பவர்கள். அவர்களோடும் எனக்குச் சண்டைதான். மீனைப் பார்த்தால் மனசு அடங்கும் என்பது வெறும் வாட்ஸ்அப் கதை இல்லை. இங்கிலாந்தின் பிளிமத் நகரத்துப் பெரிய மீன் காட்சியகத்தில் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். தொட்டியைப் பார்த்து நின்றவர்களுக்கு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கின. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தார் மறதி நோய் உள்ள முதியவர்களின் சாப்பாட்டு அறையில் மீன் தொட்டி வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது என்று 2002-ல் எழுதினார்கள். நல்லதுதான். ஆனால் அந்த இடங்களில் தொட்டியைக் கழுவியது அந்த முதியவர்கள் இல்லை. இந்தச் சின்ன விஷயத்தை நம் வாட்ஸ்அப் வைத்தியர்கள் விட்டுவிடுகிறார்கள்.

ஆக, தொட்டி வேண்டுமா வேண்டாமா என்பது இல்லை கேள்வி. வாளியை யார் தூக்குவது என்பதுதான் கேள்வி.

2018-ல் ஓய்வு பெற்று மதுரைக்கே வந்துவிட்டேன். அப்பாவுக்கு அப்போது 79. காலித் தொட்டி மொட்டை மாடியில் கிடந்தது. அதைத் தூக்கிப் போடலாம் என்று கீழே இறக்கியபோது, அப்பா, "அதுல செடி வச்சுப் பாப்பமா?" என்றார். அவர் சோழவந்தான் பக்கத்து ஆள். வெற்றிலைக் கொடிக்காலும் கண்மாயும் வாய்க்காலுமாக வளர்ந்தவர். "கண்மாய்ல நீலக் கல்லாய்யா கெடக்கும்? அடியில மண்ணு, மேல மணலு, அதுல பாசி, பாசிக்குள்ள மீனு. யாரு போயி வாரா வாரம் கண்மாயக் கழுவுறா?" என்றார்.

பிறகு படித்தேன். டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். சாதாரணத் தோட்ட மண், நிறையச் செடி, கொஞ்சம் மீன். செடியே அம்மோனியாவை உணவாக எடுத்துக்கொண்டு தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்கிறார். அப்பா சொன்ன கண்மாய்தான் அது.

அந்தத் தொட்டியை எப்படி அமைத்தோம் என்று சொல்கிறேன். செய்ய நினைக்கிறவர்களுக்கு உபயோகப்படும்.

முதலில் இடம். "அக்னி மூலைல வைங்க", "எட்டுத் தங்கமீன் ஒரு கறுப்பு மீன் வைங்க, கண் திருஷ்டி போகும்" என்று ஆளுக்கொரு வாஸ்து சொன்னார்கள். அப்பா உட்காரும் சாய்வு நாற்காலிக்கு எதிரே வைத்தேன். அவர் உட்கார்ந்தபடி பார்த்தால் கண்ணுக்கு நேராக இருக்கும்படி இரண்டரை அடி உயர இரும்பு ஸ்டாண்ட். தண்ணீர், மண், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 75 கிலோவுக்கு மேல் வரும். டீப்பாய் மேலெல்லாம் வைக்கக் கூடாது. நேர் வெயில் படாத இடமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும். ஒயர்கள் பிளக் பாயின்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியாக இறங்கும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டும்.

அடியில் எரு கலக்காத தோட்ட மண்ணைச் சலித்து ஓர் அங்குலம். அதன் மேல் வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலை நன்றாக அலசி ஓர் அங்குலம். ஒரு தட்டை வைத்து, அதன் மேல் மெதுவாகத் தண்ணீர் விட்டோம், மண் கலங்காமல் இருக்க. நீண்ட நாடா மாதிரி வளரும் வாலிஸ்னேரியா, கொடிப்பாசி, கல்லில் நூலால் கட்டிய ஜாவா பெரணி. தினம் எட்டு மணி நேரம் எரிந்து தானே அணையும்படி டைமர் போட்ட எல்இடி லைட்.

அப்புறம் காத்திருந்தோம். ஆறு வாரம் மீனே கிடையாது. "வெறும் தண்ணியப் பாக்கச் சொல்லியா சேரைப் போட்ட?" என்று அப்பா கேலி செய்தார். ஆனால் இரண்டாம் வாரமே செடியோடு வந்த நத்தையைக் கண்டுபிடித்து எனக்குக் காட்டியவரும் அவர்தான்.

மீன் விடும் நாள் வந்தது. ஆறு ஆண் கப்பி வாங்கினேன். பெண்ணும் சேர்ந்தால் மூன்று மாதத்தில் தொட்டி நிறையக் குட்டி. அப்பா கேட்டது வேறு: "அயிரை கிடைக்குமாய்யா?" மதுரையில் அயிரை மீனைக் குழம்பில்தான் பார்ப்போம். மார்க்கெட்டில் உயிரோடுதான் விற்கிறார்கள் என்பது நமக்கு வசதி. எட்டு அயிரை வாங்கி, பத்திரமாகத் தொட்டியில் விட்டேன். விட்ட உடனே மணலுக்குள் புதைந்து மூஞ்சியை மட்டும் நீட்டிக்கொண்டு பார்த்தன. அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வாய்க்காலில் துண்டு போட்டு அயிரை பிடித்த கதையையெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். 60 வருடம் அப்பாவோடு பழகியும் எனக்குத் தெரியாத கதைகள்.

தண்ணீர் மாற்றுவது பதினைந்து நாளைக்கு ஒரு முறை, கால் பங்கு மட்டும். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் ஒன்றை விட்டால் தண்ணீர் தானாக இறங்கி வாசல் பூந்தொட்டிகளுக்குப் போய்விடும். ரோஜாவுக்கு அதைவிட நல்ல உரம் இல்லை. டிரம்மில் ஒரு நாள் திறந்து வைத்து குளோரின் போன தண்ணீரைச் சின்ன மோட்டார் வைத்து டியூப் வழியாக ஏற்றுவேன். ஒரு வாளிகூடத் தூக்க வேண்டாம். அதையும் நான்தான் செய்வேன். அப்பா நாற்காலியில் இருந்து மேஸ்திரி வேலை பார்ப்பார்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். மீன் குறைவு, செடி அதிகம் என்பதால் ஒரு முறைகூட மீன் செத்து மிதந்தது இல்லை. அக்னி நட்சத்திரத்தில் மூடியைத் திறந்து, தண்ணீர் மேல் படும்படி சின்ன ஃபேன் வைத்தோம். ஆவியாகும்போது தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்துவிடும். கொசு வரும் என்று பயம் காட்டியவர்களுக்கும் பதில் இருந்தது: கொசுப் புழு விழுந்தால் கப்பி விடுமா?

இப்போது பிள்ளைகளுக்கு நேராகவே சொல்கிறேன். ஆட்டோமேடிக் ஃபீடர் என்று ஒன்று வந்திருக்கிறது. வேளாவேளைக்கு அதுவே தீனி போட்டுவிடும். என் மகள்கூட அதை வாங்கித் தருகிறேன் என்றாள். நான் விடவில்லை. அந்தத் தொட்டியில் அப்பாவுக்கென்று இருந்தது இரண்டே வேலை. காலையில் ஒரு சிட்டிகை தீனி போடுவது, படர்ந்த வாலிஸ்னேரியாவின் கிளைக் கன்றைக் கத்தரித்து யாருக்காவது கொடுப்பது. கண்ணாடிக்குப் பக்கத்தில் அவர் வந்தாலே கப்பியெல்லாம் ஓடி வரும். இந்த வயதில் தன்னை எதிர்பார்த்து ஓடிவர ஓர் உயிர் இருப்பதை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால், அப்புறம் அவருக்கு அந்தத் தொட்டி எதற்கு? டிவியே போதுமே!

போட்டதை மறந்து இரண்டாம் தடவை போடுவார் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஏழு நாள் மாத்திரை டப்பா ஒன்று வாங்கி, ஞாயிறு தோறும் அளவாகத் தீனி நிரப்பி வைத்துவிடுவேன். அன்றைய அறை காலியாக இருந்தால் போட்டாகிவிட்டது. அவ்வளவுதான். தூக்குவதையும் குனிவதையும் இயந்திரத்துக்கும் இளையவர்களுக்கும் தள்ளுங்கள். கொடுக்கிற கையை மட்டும் அவர்களிடம் விடுங்கள். நாம் தலைகீழாகச் செய்கிறோம். தீனி போட மெஷின் வாங்குகிறோம், வாளி தூக்க அம்மாவை விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அம்மா கை ஒடிந்தபின் அந்த டேங்க் கிளீனரை வைத்துப் பார்க்க முடியவில்லை. தெருப் பையன் ஒருவனிடம் கொடுத்து, அப்பா அதைக் கண்மாயில் விடச் சொல்லிவிட்டார். உயிரை விட்ட புண்ணியம் என்று நினைத்தார். தென் அமெரிக்க மீன் அது. ஓரடிக்கு மேல் வளரும், உடம்பெல்லாம் முள் ஓடு, வலையைக் கிழிக்கும், கரையில் பொந்து தோண்டி முட்டையிடும். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இன்று அது பெருகிக் கிடக்கிறது. வைகையை மூடிக் கிடக்கிற ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டு வந்த செடிதானே! யோசிக்காமல் வாங்கிக் கொடுத்த பரிசு வீட்டோடு நிற்பதில்லை. கண்மாய் வரைக்கும் போகிறது. வேண்டாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். செடியைக் காய வைத்துக் குப்பையில் போடுங்கள். தண்ணீரில் விடாதீர்கள்.

"வெளிநாட்ல இருக்கவன் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ வந்து தண்ணி மாத்த முடியுமா?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. முடியாது. அப்படியானால் அங்கிருந்தே உள்ளூரில் ஓர் ஆளுக்குச் சம்பளம் பேசி, அவர் வந்தாரா என்று மாதம் இரண்டு முறை கேட்க வேண்டும். தொட்டி வாங்குகிற காசோடு அந்தச் சம்பளத்தையும் சேர்த்துத்தான் பரிசு. ஊருக்கு வரும்போது ஒரு மத்தியானம் வேட்டியை மடித்துக் கட்டி அவனே தண்ணீர் மாற்ற வேண்டும். அதற்கும் வழி இல்லை என்றால் தொட்டி வேண்டாம். ஒரு மணி பிளாண்ட் போதும். அது யாரையும் கீழே தள்ளாது.

மதுரைக்காரர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. மீன் தன் முட்டைகளைக் கண்ணால் பார்த்தே பொரிக்கும், அதுபோலப் பார்வையாலேயே காப்பவள் மீனாட்சி என்பது நம் ஊர் நம்பிக்கை. பெரியவர்களை வைத்திருப்பதும் அப்படிப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலைதான். நான் ஒன்றரை வருடம் பார்க்காமல் இருந்துவிட்டு, பதிலுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கச் சொன்னேன்.

அப்பா 2023-ல் போனார். கடைசி இரண்டு மாதம் கட்டிலைத் தொட்டிக்கு நேராகத் திருப்பிப் போட்டோம். தொட்டி இப்போதும் இருக்கிறது. அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் முழங்கால் வலி வந்தாயிற்று. போன மாதம் பெங்களூரிலிருந்து மகள், "உங்களுக்குப் பெரிய டேங்க் ஆர்டர் போடவாப்பா?" என்றாள். "ஆர்டர் போடாதம்மா. ரெண்டாவது சனிக்கிழமை வந்து தண்ணி மாத்திட்டுப் போ" என்றேன். வந்தாள். டியூபைச் சரியாகப் பிடிக்காமல் ஹாலெல்லாம் தண்ணீர். அவளே துடைத்தாள்.

வாலிஸ்னேரியா இந்த வாரம் மறுபடி தொட்டி நிறையப் படர்ந்துவிட்டது. வேண்டுகிறவர்கள் காலை நடைக்கு ஒரு பாலிதீன் பை கொண்டு வாருங்கள், ஈரத் துணியில் சுற்றிக் கொண்டு வந்து தருகிறேன். நண்பருக்கும் எடுத்து வைத்திருக்கிறேன். மகன் ஊருக்கு வந்தபின் அவனோடு வந்து வாங்கிக்கொள்ளட்டும்.